நிலவறைக்கு ஏற்ற மின்கணப்பு

ஸ்ரீ சிட்டியில் இருந்துகொண்டு கணப்பைப் பற்றிப் படிப்பானேன் என்று நண்பர்கள் நகைக்கலாம். சித்திரை வெயிலில் தடாவிலிருந்து சத்தியவேடு செல்லும் சாலையில் நடந்தவன் வெப்பத்தை விலைகொடுத்து வாங்குவானா? ஆயினும் நம்மில் சிலர் மேற்படிப்புக்குக் கனடா செல்கின்றனர். டொரான்டோவில் நம்மவர் மிகுதியாக வாழும் ஸ்கார்பரோ போன்ற பகுதிகளில், மாணவன் கைக்கு எட்டும் வாடகையில் கிடைப்பது பெரும்பாலும் வீட்டின் கீழுள்ள நிலவறைதான். அத்தகைய அறைகள் சிலவற்றில் சுவரோரம், தரையையொட்டி, நீண்ட தகரப் பெட்டி ஒன்று இருக்கும். அதுவே பேஸ்போர்டு ஹீட்டர். சுவரடிக் கணப்பு என்று நாம் அழைப்போம்.

அதனுள் வியப்பேதும் இல்லை. நடுவே மின்தடைக் கம்பி. அதைச் சுற்றி மெல்லிய உலோகத் தகடுகள். விசிறி கிடையாது. குளிர்காற்று கீழே நுழைந்து, சூடேறி, மேலே எழும். சன்னலுக்கு நேர்கீழே இதை வைப்பதற்கும் காரணம் உண்டு: கண்ணாடியில் பட்டுக் குளிர்ந்து இறங்கும் காற்றை இது எதிர்கொள்கிறது.

ஜூல் 1841-இல் வெளியிட்ட விதி இங்கே கண்முன் நிற்கிறது. 240 வோல்ட்டில் 1500 வாட் தரும் கணப்பின் தடை 38.4 ஓம். அதையே 120 வோல்ட்டில் இணைத்தால் பாதி வெப்பம் வரும் என்று நினைப்போம். வாராது. வோல்ட்டின் இருமடிக்கு ஏற்ப வெப்பம் மாறுவதால் கால்பங்கு, அதாவது 375 வாட்தான் கிடைக்கும். மாறாக, 120 வோல்ட் கணப்பை 240-இல் இணைப்பவன் நான்கு மடங்கு வெப்பத்தை எழுப்புகிறான். அது கம்பியை எரித்துவிடும். அந்நாட்டு வீடுகளில் இரு மின்னழுத்தமும் உண்டு என்பதை மறவாதீர்.

எத்தனை வாட் வேண்டும்? சதுர அடிக்குப் பத்து வாட் என்பது கடைக்கணக்கு. 200 சதுர அடிக்கு 2000 வாட். இக்கணக்கு சுவரைப் பார்ப்பதே இல்லை. நிலவறையின் பெரும்பகுதி மண்ணால் சூழப்பட்டது. மண் வெளிக்காற்றைப் போல உறைந்துபோவதில்லை. வெப்பம் மிக விரைவாக ஓடும் வழி, தரைமட்டத்துக்கு மேலே தெரியும் சிறு சுவர்ப்பட்டை. அது 5 சதுர மீட்டர் என்க. உள்ளே 20 டிகிரி, வெளியே உறைநிலைக்குக் கீழே 20, வேறுபாடு 40. வெறும் கான்கிரீட் சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு, ஏறத்தாழ 3 வாட் கடத்தும். பெருக்கினால் 600 வாட்! வெப்பத்தடுப்புப் பஞ்சு நன்றாகப் பொதிந்த சுவரில் இது 0.35 வாட் அளவே. இழப்பு 70 வாட்டாகச் சுருங்கும். ஆகவே கணப்பைத் தேர்வதற்கு முன் சுவரைத் தேர்வதே அறிவுடைமை. ஈரம் கசியும் சுவராயின் அதை முதலில் உலர்த்த வேண்டும். பஞ்சை வைத்து மறைத்தால் பூஞ்சை பிடிக்கும்.

எண்ணெய் நிரப்பியது சிக்கனமானது என்று விற்பனையாளர் புகழ்வதுண்டு. அணைத்த பின்னும் சற்று நேரம் சூடு நிற்கும், அவ்வளவே. எந்த மின்தடைக் கணப்பாயினும் ஒரு யூனிட்டுக்குத் தருவது 860 கிலோ கலோரிதான்.

அதை மிஞ்சுவது வெப்ப எக்கி. அது வெப்பத்தை உண்டாக்காமல் வெளியிலிருந்து இறைத்து வருவதால், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு இரண்டு மூன்று யூனிட் வெப்பம் தரும். கடுங்குளிரில் இது குறையும். இதன் உடன்பிறப்பு நம் ஊரிலேயே பிறக்கிறது! ஸ்ரீ சிட்டியில் டைகின், புளூ ஸ்டார் ஆலைகள் 2023-இல் உற்பத்தி தொடங்கின. அங்கே செய்யப்படும் குளிர்சாதனத்தின் போக்கைத் திருப்பினால் அதுவே வெப்ப எக்கி.

வாடகைக்கு இருக்கும் மாணவன் எக்கியை வாங்கிப் பொருத்த இயலாது. அவன் செய்யக்கூடியது இதுதான்: கட்டிலையும் திரைச்சீலையையும் கணப்பிலிருந்து தள்ளி வைக்கலாம், அறை குளிர்கிறதென்று நீட்டிப்புக் கம்பியில் இன்னொரு ஹீட்டரை மாட்டாமல் இருக்கலாம். ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன், மின்கட்டணம் யார் பொறுப்பு என்று வீட்டுக்காரரிடம் கேளுங்கள். சன்னலோரச் சுவரைக் கையால் தொட்டும் பாருங்கள்.