வண்டியில் ஏறும் முன்

தம்பி, நாளையிலிருந்து கொத்துவேலைக்கு ஆள் பிடிக்கும் முக்கில் நிற்கப் போகிறாய். தில்லியின் லேபர் சவுக்கானாலும் மும்பையின் நாக்காவானாலும் நம்மூர் டீக்கடை முக்கானாலும் நடைமுறை ஒன்றுதான்: எழுத்து கிடையாது, பேச்சுதான். பேச்சில் கெட்டியாக இரு.

1. விடிந்ததும் வந்து நில். வெயில் ஏறியபின் நிற்பவனிடம் அடிமாட்டு விலைக்குத்தான் பேசுவார்கள்.

2. கரண்டியும் மட்டப்பலகையும் பையில் தெரியட்டும். வெறுங்கையோடு நின்றால் சித்தாள் கூலிதான். தெரியாத வேலையைத் தெரியும் என்று சொல்லாதே. முதல் வரிசைச் செங்கல்லிலேயே குட்டு உடைந்துவிடும்.

3. வண்டி நின்றதும் ஓடி ஏறாதே. என்ன வேலை, எந்த இடம், எத்தனை மணி வரை, கூலி எவ்வளவு, டீயும் சாப்பாடும் யார் பொறுப்பு, திரும்பி வர பஸ் காசு உண்டா? நாலு பேர் காதில் விழும்படி கேள். அப்படிப் பேசியதைச் சாயங்காலம் மாற்ற எவரும் கூசுவார்கள்.

4. காங்கிரீட் என்றால் தனிக்கூலி பேசு. தளம் போடுவதைப் பாதியில் நிறுத்த முடியாது. இருட்டினாலும் முடித்துவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

5. முக்கில் ஓடும் கூலிக்குக் கீழே இறங்காதே. நூறு ரூபாய் குறைத்து இன்று நீ ஏறினால், நாளைக்கு எல்லோரையும் அந்தக் கூலிக்கே கூப்பிடுவார்கள், உன்னையும் சேர்த்து. பீகார், ஒடிசாப் பையன்கள் பக்கத்தில் நின்றால் முறைக்காதே. ஓடும் கூலி இன்னதென்று அவர்களுக்கும் சொல்லிவை.

6. வண்டி நம்பரைப் போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பு. மேஸ்திரியின் போன் நம்பரை வாங்கி, அங்கேயே மிஸ்டு கால் கொடுத்துப் பார். சித்தாள் வேலைக்கு வரும் பெண்கள் தனியாக ஏற வேண்டாம்.

7. அன்றைய கூலியை அன்றே வாங்கு. “நாளைக்கும் வா, சேர்த்துத் தர்றேன்” என்றால் பாதியாவது வாங்காமல் கிளம்பாதே. தேதி, இடம், வந்தது, பாக்கி எல்லாவற்றையும் நோட்டில் எழுது.

8. சிமெண்ட் தோலைத் தின்னும். வேலைக்கு முன் கையிலும் காலிலும் தேங்காய் எண்ணெய் தடவு, முடிந்ததும் கழுவு. சாரத்தின் கட்டை நீயே அசைத்துப் பார்த்துவிட்டு ஏறு.

9. தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994 முதல் இருக்கிறது. கட்டடச் செலவில் நூற்றுக்கு ஒரு ரூபாய் நம் பெயரில்தான் வசூலாகிறது. பிள்ளைகளின் படிப்புக்கு உதவி, 60 வயதுக்குமேல் ஓய்வூதியம் எல்லாம் பதிந்தவனுக்கு மட்டுமே. 18 வயது ஆகிவிட்டதல்லவா? வேலை கிடைக்காத முதல் நாளே ஆதாரையும் ரேஷன் கார்டையும் எடுத்துக்கொண்டு போய்ப் பதிந்துவிடு.