ஷூ கம்பெனியில புகார் யார்கிட்ட?

நாட்றம்பள்ளியில காலையில கம்பெனி பஸ் ஏறி ஆம்பூர் ஷூ கம்பெனிக்குப் போற அக்காக்களைப் பார்த்திருப்பீங்க. நாளைக்கு நம்ம தோழிகளும் டிரெய்னியா அங்கே போகலாம். பாலியல் தொல்லைன்னா யார்கிட்ட சொல்றது?

2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 10 பேர் வேலை செய்ற இடத்துல உள்ளகப் புகார் குழு கட்டாயம். தலைவர் பெண்தான், வெளியாள் ஒருத்தரும் இருக்கணும். டிரெய்னியும் புகார் கொடுக்கலாம். எழுத முடியாதவங்களுக்குக் குழுவே உதவணும். விசாரணை 90 நாளில் முடியணும்.

பத்துக்கும் குறைவான ஆட்கள் இருக்கிற சின்ன தோல் யூனிட்டா? முதலாளி மேலேயே புகாரா? அதுக்கு மாவட்ட அளவில் உள்ளூர் புகார் குழு இருக்கு. நமக்குத் திருப்பத்தூர் மாவட்டம்.

புகார் கொடுக்க 3 மாசம்தான். தகுந்த காரணம் இருந்தா இன்னும் 3 மாசம் நீட்டிக்கலாம். "வெளியே தெரிஞ்சா என்ன ஆகும்"னு பயந்தே அந்த நாட்கள் ஓடிடும். அதனால நடந்ததைத் தேதியோட அன்னைக்கே எழுதி வைங்க.