கருப்புக் கட்டையிலிருந்து தொடங்கும் பாடம்: பியானோ கற்பித்தலும் பயிற்சிக்கூடம் நடத்துதலும்

சென்னை, கோயம்புத்தூர் போன்ற நகரங்களில் வீட்டின் முன்னறையிலோ மாடியிலோ நடைபெறும் பியானோ வகுப்புகள் பலவும், லண்டன் டிரினிட்டி கல்லூரியும் 1889-இல் தோன்றிய ஏபிஆர்எஸ்எம் என்னும் தேர்வு வாரியமும் நடத்தும் கிரேடு தேர்வுகளைச் சுற்றியே அமைந்திருக்கின்றன. எட்டுப் படிகளாக வகுக்கப்பட்ட இத்தேர்வுகள், மாணவரின் வளர்ச்சியை வெளியார் ஒருவர் நடுநிலையோடு மதிப்பிட வழிசெய்பவை என்பதால் அவற்றின் பயன் மறுக்கத்தக்கதன்று. ஆயினும், ஒரு கிரேடுக்குரிய மூன்று உருப்படிகளை மட்டுமே ஆண்டு முழுவதும் வாசித்துத் தேறும் மாணவர், உயர்ந்த சான்றிதழைப் பெற்ற பின்னரும் புத்தகத்தைப் பாராமல் ஓர் எளிய பாட்டுக்குப் பக்கவாத்தியம் வாசிக்க இயலாதவராக நின்றுவிடுவது வருந்தத்தக்கது. தேர்வைப் பாடத்திட்டமாகக் கொள்ளாமல் அளவுகோலாக மட்டும் கொண்டு, முதல் வகுப்பிலிருந்தே மாணவரைத் தாமே இசை ஆக்கவைக்கும் முறையையும், அம்முறைக்கு இடம் தரும் வகையில் பயிற்சிக்கூடத்தின் கட்டணம், நாட்காட்டி, விதிகள் ஆகியவற்றை அமைக்கும் வழியையும் இக்கட்டுரை படிப்படியாக விளக்குகிறது.

கருவியும் அறையும்

முதற்படி கருவியைத் தேர்வதாகும். 61 கட்டைகள் கொண்ட கீபோர்டில் தொடக்க மாதங்களை ஓட்டிவிடலாம் என்றாலும், அதன் கட்டைகள் மெல்லியவையாதலால் விரலுக்கு வலுவும் மெலிவு-வன்மை வேறுபாட்டு உணர்வும் வாய்ப்பதில்லை. எனவே 88 கட்டைகளும், அழுத்தும்போது மரப் பியானோவின் எடையைத் தரும் ‘வெயிட்டட்’ அமைப்பும் உள்ள டிஜிட்டல் பியானோவே கற்பிப்பவருக்குக் குறைந்தபட்சத் தேவை. மரப் பியானோ வாங்குபவர், ஏறத்தாழ 230 கம்பிகள் மொத்தமாக 20 டன் அளவுக்கு இழுவிசையோடு பூட்டப்பட்ட அக்கருவி, காற்றின் ஈரத்துக்கேற்பச் சுருதி மாறும் இயல்புடையது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மரம் ஊறிக் கட்டைகள் ஒட்டிக்கொள்வதும், கடலோர ஊர்களில் கம்பி துருப்பிடிப்பதும் வழக்கமாதலால், மழையில் நனையும் வெளிச்சுவரை ஒட்டியோ ஏசியின் காற்று நேரே படும் இடத்திலோ அதை வைத்தலாகாது. ஆண்டுக்கு இருமுறை, அவற்றுள் ஒன்று மழைக்காலம் முடிந்த தை மாதத்தில் அமையுமாறு, 440 ஹெர்ட்ஸ் சுருதிக்கு டியூனரைக் கொண்டு சேர்க்க வேண்டும்.

கருவிக்குத் தரும் கவனத்தில் பாதியையேனும் இருக்கைக்குத் தருதல் நலம். முழங்கை கட்டைகளின் மட்டத்துக்கு வருமாறு இருக்கையை உயர்த்தியதும் குழந்தையின் கால்கள் அந்தரத்தில் தொங்கும். கால் ஊன்றாதபோது தோள் தானாகவே மேலேறி மணிக்கட்டு இறுகும். காலடியில் ஒரு மணையையோ தடித்த புத்தக அடுக்கையோ வைத்துவிட்டால், பல மாதங்கள் சொல்லித் திருத்த வேண்டிய கைநிலை அப்போதே பெருமளவு சரியாகிவிடும்.

முதல் வாரங்கள்

முதல் வகுப்பில் புத்தகம் திறக்கப்படுவதில்லை. இரண்டிரண்டாகவும் மும்மூன்றாகவும் கூடி நிற்கும் கருப்புக் கட்டைகளைக் குழந்தை கண்ணை மூடித் தடவி அடையாளம் காண்பதே தொடக்கம். கர்நாடக இசைக் கணக்கில் ‘சி’ என்னும் வெள்ளைக் கட்டை ஒரு கட்டைச் சுருதி என்றால், கருப்புக் கட்டைகள் முறையே ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரைக் கட்டைகளாகும். நாலரைக் கட்டையைச் சட்ஜமாகக் கொண்டு ஆசிரியர் தாழ்ந்த பகுதியில் ச-ப இரண்டையும் ஒலிக்கவிட்டுக்கொண்டிருக்க, மேற்பகுதியில் குழந்தை எந்தக் கருப்புக் கட்டையை எந்த வரிசையில் தொட்டாலும் மோகனத்தின் ஐந்து சுரங்களுள் ஒன்றே ஒலிக்கும். தவறான சுரம் என்று ஒன்று இல்லாத இந்த வெளியில், கற்கத் தொடங்கிய முதல் பத்து நிமிடத்துக்குள்ளேயே குழந்தை மெல்லவும் வலுவாகவும், தாழ்ந்தும் உயர்ந்தும் ஒலிக்கும் இசையைத் தானே ஆக்கத் தொடங்குகிறது.

அடுத்த வகுப்பில் கட்டைகளை மாற்றாமல் ஆதாரச் சுருதியை மட்டும் மாற்ற வேண்டும். ஒரே சுரக்கூட்டத்தில் சட்ஜத்தின் இடத்தை மாற்றி வேறு ராகம் தோன்றச் செய்யும் இம்முறை கிரக பேதம் எனப்படும். ஐந்தரைக் கட்டையை ஆதாரமாக்கினால் மத்தியமாவதியும், ஆறரையில் இந்தோளமும், ஒன்றரையில் சுத்த சாவேரியும், இரண்டரையில் சுத்த தன்யாசியும் அதே ஐந்து கட்டைகளிலிருந்து எழுகின்றன; இந்தோளத்தில் பஞ்சமம் இல்லாமையால் அங்கு மட்டும் ச-ம என்று ஒலிக்கவிட வேண்டும். பியானோவில் கமகம், அதாவது சுரத்தை அசைத்தும் இழைத்தும் பாடும் நுட்பம், இயலாதாகையால் இங்குக் கேட்பது ராகத்தின் எலும்புக்கூடே என்பதை மாணவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுவது நேர்மை. ஹங்கேரிய இசையமைப்பாளர் கியோர்கி குர்டாக் 1973-இல் தொடங்கிய ‘விளையாட்டுகள்’ என்ற பியானோத் தொகுப்பில் உள்ளங்கை, முட்டி, முன்கை ஆகியவற்றால் கட்டைகளை ஒலிப்பிக்கும் பகுதிகள் உள்ளன. சுரம் அறியாத குழந்தையும் கருவி முழுவதையும் அச்சமின்றிக் கையாளலாம் என்ற எண்ணத்துக்கு அத்தொகுப்பு நல்ல துணை.

மூன்றாம் வாரத்தில் கேள்வி-பதில் பயிற்சி தொடங்கலாம். ஆசிரியர் நான்கு எண்ணிக்கைக்குள் ‘ச ரி க ப’ என்று சட்ஜத்தில் முடியாத ஒரு சிறு தொடரை வாசிக்க, மாணவர் அதே நான்கு எண்ணிக்கைக்குள் சட்ஜத்தில் வந்து முடியும் விடையை வாசிக்கிறார்; முதலில் ‘ப க ரி ச’ என்ற திருப்பமே வரும், அது போதும். பிறகு தாள நடையை அப்படியே வைத்துக்கொண்டு சுரங்களை மட்டும் மாற்றும்படியும், அடுத்துச் சுரங்களை வைத்துக்கொண்டு நடையை மாற்றும்படியும் கேட்க வேண்டும். வகுப்பின் முடிவில் சிறந்த விடை ஒன்றை ஆசிரியர் மாணவரின் குறிப்பேட்டில் தேதியோடு எழுதி, அதற்கு ஒரு பெயர் வைக்கச் சொல்வது இன்றியமையாதது. அதுவே அம்மாணவரின் முதல் உருப்படி.

தாளமும் குறியீடும்

தாளத்தை எண்களால் கற்பிப்பதைவிடச் சொற்கட்டால் கற்பிப்பது தமிழ்நாட்டுக் குழந்தைக்கு எளிது. கைதட்டும் ஓர் அட்சரத்துக்குள் ‘தக’ என்றால் இரண்டு குவேவர்கள், ‘தகிட’ என்றால் ஒரு டிரிப்லெட், ‘தகதிமி’ என்றால் நான்கு செமிகுவேவர்கள் என்று வாயால் சொல்லி, நடந்து, தட்டி முடித்த பின்னரே விரலுக்குப் போக வேண்டும். உடலசைவின் வழியே லயம் கற்பிக்கும் இக்கருத்தை மேலைநாட்டில் எமில் ஜாக்-டால்குரோஸ் வளர்த்தெடுத்தார்.

ஐந்து கோடுகளில் சுரங்களைக் குறிக்கும் ஸ்டாஃப் குறியீட்டை இரண்டாம் மாதத்தில் அறிமுகப்படுத்தலாம். ஒவ்வொரு கோட்டின் பெயரையும் மனப்பாட வாக்கியங்களால் கற்பிக்கும் பழைய முறை, குழந்தையை ஒவ்வொரு சுரத்துக்கும் கீழிருந்து எண்ணவைத்து வாசிப்பின் ஓட்டத்தைக் கெடுக்கிறது. அமெரிக்க ஆசிரியை பிரான்சஸ் கிளார்க் பரப்பிய முறையோ நடு ‘சி’, அதற்குக் கீழுள்ள ‘எஃப்’, மேலுள்ள ‘ஜி’ ஆகிய மூன்றையும் எல்லைக்கற்களாக நிறுத்தி, அங்கிருந்து ஒரு படி ஏறுகிறதா, ஒரு படி தாண்டுகிறதா என்று இடைவெளியைப் பார்த்து வாசிக்கப் பழக்குகிறது, இதுவே மேலானது.

உருப்படிகள், வீட்டுப் பயிற்சி, தேர்வு

ஷூமன் 1848-இல் எழுதிய இளையோர் தொகுப்பின் 43 உருப்படிகளும், பேலா பார்டோக் 1926 முதல் 1939 வரை ஆறு தொகுதிகளாக ஆக்கிய மைக்ரோகாஸ்மாஸின் 153 உருப்படிகளும் படிப்படியாகக் கடினமாகிச் செல்லும் கருவூலங்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் கழிந்தபின் படைப்பு பொதுவுடைமையாவதால் இவ்விரண்டின் பழைய பதிப்புகளையும் தடையின்றிப் படியெடுக்கலாம். புதிய பாடநூல்களை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுப்பது வேறு, அது தவிர்க்கப்பட வேண்டியது. முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வர சாகித்தியங்கள் மேலைநாட்டு மெட்டுகளைத் தழுவிச் சங்கராபரணத்தின் சுரங்களில், கமகமின்றி நிற்பவையாதலால், மேஜர் ஸ்கேலைக் கற்கும் மாணவருக்குப் பொருத்தமாக அமைகின்றன. மேஜர் ஸ்கேல் சங்கராபரணத்தோடும், இயல்பு மைனர் நடபைரவியோடும், ஹார்மோனிக் மைனர் கீரவாணியோடும் ஒத்திருப்பதால், வீட்டில் பாட்டுக் கேட்டு வளர்ந்த மாணவர் முதலில் பாடிவிட்டுப் பின்னர் வாசிக்கலாம்.

மாணவர் விரும்பிக் கொண்டுவரும் திரைப்பாடலைப் புறக்கணிக்கலாகாது. பல்லவியைப் பாடவைத்து, அதன் சட்ஜத்தைக் கட்டையில் தேடவைத்து, இடக்கையில் ச, ம, ப மூன்றை மட்டும் கொண்டு எங்கு எது பொருந்துகிறது என்று செவியால் தேர்வுசெய்யச் சொல்லி, பின்னரே அவற்றை மூன்று சுரங்கள் சேர்ந்த கார்டுகளாக விரிக்க வேண்டும். தன்ராஜ் மாஸ்டரிடம் மேலை இசை பயின்ற இளையராஜாவின் பாடல்கள் பலவற்றில் பேஸ் வரி தனியொரு மெட்டாகவே நடப்பதால், அவ்வரியைக் கேட்டு எழுதுவதே இடக்கைக்கும் செவிக்கும் சிறந்த பாடமாகிறது.

வீட்டுப் பயிற்சியை நிமிடக் கணக்கில் ஏவுவதைவிட வேலைக் கணக்கில் எழுதித் தர வேண்டும்: உருப்படியை முதலிலிருந்து ஓட்டுவதை விட்டு, இடறும் இரண்டு அளவைகளை மட்டும் எடுத்து, கைகளைப் பிரித்து, மெதுவாக, தொடர்ந்து மூன்று முறை பிழையின்றி வந்த பிறகு முன்பின் அளவைகளோடு இணைத்தல் என்பது போல. சனிக்கிழமை ஒரு மணி நேரத்தைவிட ஆறு நாட்கள் பத்துப் பத்து நிமிடம் மிகுந்த பயன் தரும்.

தேர்வுக்குரிய மூன்று உருப்படிகளுக்கு முன்பாக அதே தரத்தில் பத்து உருப்படிகளையேனும் மாணவர் வாசித்திருந்தால், இறுதி மூன்று மாதங்கள் தேர்வுக்குப் போதும். டிரினிட்டி தேர்வின் துணைப் பிரிவுகளுள் மனோதர்மமாக வாசிப்பதும் ஒன்றாக இருப்பதால், மேற்கண்ட முறையில் பயின்றவர் அதைத் தயங்காமல் தேர்ந்தெடுக்கலாம். ஏபிஆர்எஸ்எம் ஆறாம் கிரேடுக்குச் செல்ல ஐந்தாம் கிரேடு தியரி போன்ற ஒரு முன்தகுதி வேண்டும் என்பதால், தியரியை மூன்றாம் கிரேடிலிருந்தே வாரந்தோறும் சிறுகச் சிறுகச் சேர்த்துவர வேண்டும்.

கட்டணமும் நாட்காட்டியும்

பக்கத்துத் தெருவில் வாங்கும் தொகையைப் பார்த்துக் கட்டணம் வைப்பது தவறான தொடக்கம். பொங்கல், தீபாவளி, பள்ளித் தேர்வுகள், மே விடுமுறை ஆகியவை நீங்க ஆண்டில் ஏறத்தாழ 40 வாரங்களே கற்பிக்கக் கிடைக்கும் என்று கொள்ளலாம். வாரத்துக்கு 20 மணி நேரம் கற்பிக்கும் ஒருவருக்கு அது 800 மணி நேரம். அவருக்குத் தேவையான ஆண்டு வருமானம் 6,00,000 ரூபாய், மின்சாரம், டியூனிங், புத்தகம் முதலிய செலவு 80,000 ரூபாய் என்றால், மணிக்கு 850 ரூபாயும் அரைமணி வகுப்புக்கு 425 ரூபாயும் வாங்கினால்தான் கணக்கு நேராகும். இத்தொகைகள் எடுத்துக்காட்டு மட்டுமே. முறை எங்கும் பொருந்தும். கட்டணத்தைப் பத்து வகுப்புகள் கொண்ட பருவமாக முன்கூட்டியே பெறுவதும், அது வந்துபோன வகுப்புக்கான கூலியாக இல்லாமல் மாணவருக்கென ஒதுக்கிய நேரத்துக்கான கட்டணம் என்று சேர்க்கையின்போதே எழுத்தில் தருவதும் பிற்காலப் பிணக்குகளைத் தவிர்க்கும். ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டும் கூடங்கள் ஜிஎஸ்டி பதிவு பெற வேண்டும்.

தவறிய வகுப்புக்கு ஈடு கேட்பதே பெற்றோருடன் அடிக்கடி எழும் சிக்கல். தனித்தனியாக ஈடு செய்யத் தொடங்கினால் ஆசிரியரின் ஓய்வுநாள் முழுதும் கரைந்துவிடும். மாறாக, மாதத்தில் ஒரு ஞாயிறு எல்லோரும் கூடும் குழு வகுப்பை அமைத்து, அதையே தவறியவர்களுக்கான ஈடாக அறிவிக்கலாம். மாணவர்கள் தமக்குள் நடத்தும் கேள்வி-பதில் வாசிப்பு, கூட்டாகச் சொல்லும் சொற்கட்டு, ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்டுக் கருத்துரைத்தல் ஆகியவை தனிவகுப்பில் இயலாதவையாதலால், இக்குழு வகுப்பு ஈடாக மட்டுமன்றிக் கற்பித்தலின் தேவையாகவும் அமைகிறது.

சிறுவர் பயிலும் இடமாதலால் கதவு திறந்திருப்பதோ கண்ணாடி பதித்திருப்பதோ கட்டாயம். பெற்றோர் விரும்பும்போது உள்ளே அமரலாம் என்பதும், புகைப்படமும் காணொளியும் எழுத்து ஒப்புதலின்றி வெளியிடப்படா என்பதும் விதித்தாளில் இடம்பெற வேண்டும்.

ஆண்டு நிகழ்ச்சியைப் பொதுத்தேர்வு நடக்கும் மார்ச், அரையாண்டுத் தேர்வு நடக்கும் டிசம்பர் ஆகியவற்றை விலக்கி ஆகஸ்டில் வைப்பது வசதி. அரங்கில் உள்ள பியானோவின் கனம் வீட்டுக் கருவியினின்று வேறுபடுமாதலால், முந்தைய நாளே ஒவ்வொருவரும் அதில் ஒருமுறையேனும் வாசித்துப் பார்த்தாக வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு மிகாமல், ஒவ்வொருவரும் கற்ற உருப்படி ஒன்றையும் தாமே ஆக்கியது ஒன்றையும் வாசிக்க, நிரல் தாளில் இயற்றியவர் பெயர் என்னும் இடத்தில் பார்டோக்கும் ஷூமனும் வருவதுபோலவே மாணவரின் பெயரும் அச்சாக வேண்டும். குறிப்பேட்டில் தேதியோடு எழுதிவந்த சிறு தொடர்களிலிருந்து அந்த உருப்படியைத் தெரிவுசெய்யும் பணியை ஜூன் மாதத்திலேயே தொடங்கினால் நேரம் சரியாக இருக்கும்.