அடுத்த கடைக் கணக்கும் பார்க்க வேண்டும்



ஆண்டு முடிந்ததும் நாம் எல்லோரும் ஒரு கணக்குப் பார்க்கிறோம். சென்ற ஆண்டைவிட வியாபாரம் கூடியதா, குறைந்ததா என்பதே அது. கூடியிருந்தால் மனநிறைவோடு பேரேட்டை மூடிவிடுகிறோம். இந்தக் கணக்கு தேவைதான். ஆனால் இது மட்டும் போதாது என்பதற்கு ஒரு பெரிய நாட்டின் வரலாறே பாடமாக இருக்கிறது. அந்த நாடு பிரிட்டன். அதற்குப் போட்டியாக எழுந்தது ஜெர்மனி. சரக்கு, உருக்கு.

1851-ஆம் ஆண்டு லண்டனில் நடந்த உலகக் கண்காட்சியின்போது தொழிலில் பிரிட்டனுக்கு நிகரான நாடு இல்லை. உருக்கை மலிவாகத் தயாரிக்கும் பெஸ்ஸமர் முறை 1856-இல் வெளியானதும் அங்கேதான். ஜெர்மனி அப்போது பல அரசுகளாகப் பிரிந்து கிடந்தது. 1871-இல்தான் அது ஒரே நாடாயிற்று.

இரு நாடுகளின் உருக்கு உற்பத்தி தோராயமாக இதுதான் (லட்சம் டன்னில்):

1880: பிரிட்டன் 13, ஜெர்மனி 7
1893: இரண்டும் ஏறத்தாழ 30
1900: பிரிட்டன் 50, ஜெர்மனி 65
1913: பிரிட்டன் 78, ஜெர்மனி 175

பிரிட்டனின் வரிசையை மட்டும் படியுங்கள். 33 ஆண்டுகளில் 6 மடங்கு வளர்ச்சி! எந்த வியாபாரியும் மகிழ்ந்து போவான். இப்போது இரண்டையும் கூட்டிப் பங்கு பிரித்துப் பாருங்கள். 1880-இல் இரு நாடுகளும் சேர்ந்து செய்த 100 டன்னில் பிரிட்டனுடையது 65. 1913-இல் வெறும் 31. வளர்ந்துகொண்டே பின்தங்க முடியும் என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது.

இது எப்படி நேர்ந்தது? லொரைன் பகுதியின் இரும்புத் தாதுவில் பாஸ்பரஸ் அதிகம். பழைய முறையில் அதிலிருந்து நல்ல உருக்கு எடுக்க முடியாது. அதற்கு வழி கண்டவர் லண்டன் நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்த சிட்னி கில்கிறிஸ்ட் தாமஸ். வேதியியல் அறிந்த உறவினர் ஒருவரின் துணையோடு அவர் கண்ட முறையின் உரிமையை 1879-இல் ஜெர்மானியர்கள் வாங்கிக்கொண்டார்கள். கழிவாக வந்த கசடையும் வீணாக்காமல் உரமாக்கி விற்றார்கள். பிரிட்டன் ஆலைகளோ பழைய உலைகளில் ஏற்கெனவே முதல் போட்டிருந்தன; பெரும்பாலும் அவற்றிலேயே ஓட்டின. சரக்கு இங்கே பிறந்தது, வியாபாரம் அங்கே நடந்தது.

கடைக்காரர்கள் அறிய வேண்டிய செய்தி ஒன்றும் உண்டு. வெளிநாட்டுச் சரக்கு உள்நாட்டுச் சரக்குபோல் வேடமிட்டு விற்கப்படுவதைத் தடுக்க, பிரிட்டன் 1887-இல் வணிகக் குறிச் சட்டம் கொண்டுவந்தது. ஆனால் ‘மேட் இன் ஜெர்மனி’ என்ற முத்திரையே காலப்போக்கில் தரத்தின் அடையாளமாகிவிட்டது. முத்திரை குத்தலாம், வாடிக்கையாளர் கையைப் பிடிக்க முடியாது.

இப்படி ஒப்பிடும்போது நாம் கவனிக்க வேண்டியவை நான்கு.

1. அளவு ஒன்றாக இருக்க வேண்டும். பிரிட்டனின் பழைய டன் 1016 கிலோ. ஜெர்மனியின் டன் 1000 கிலோ. வீசைக் கணக்கையும் கிலோக் கணக்கையும் அப்படியே கூட்டுவோமா?

2. எல்லை ஒன்றாக இருக்க வேண்டும். முதல் உலகப் போருக்குப் பின் லொரைன் பிரான்சுக்குப் போனது. ஜெர்மனியின் உற்பத்தி அதனாலும் குறைந்தது. கிளைக் கடையைப் பிரித்துக் கொடுத்த பிறகு மொத்த விற்பனை குறைவது போலத்தான் இதுவும்.

3. ஓர் ஆண்டை வைத்து முடிவு கட்டக் கூடாது. இரண்டும் சமமான 1893-இல் பிரிட்டனில் நிலக்கரிச் சுரங்கங்கள் பல மாதம் முடங்கின. ஆகவே அது விதிவிலக்கான ஆண்டு என்று வாதிடலாம். 1900, 1913 கணக்குகளைப் பார்த்த பின் அந்த வாதம் நிற்காது.

4. ஒரே சரக்கை வைத்து முழுக் கடையையும் எடை போடக் கூடாது. உருக்கில் பின்தங்கிய பிரிட்டன், போருக்கு முந்தைய ஆண்டுகளில் உலகில் கட்டப்பட்ட கப்பல்களில் பாதிக்கு மேல் கட்டிக்கொண்டிருந்தது.

நம் அனுபவம் ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் துவரம்பருப்பில் நம் விற்றுமுதல் நன்றாக உயர்ந்தது. பெருமையாகச் சொல்லிக்கொண்டோம். பிறகு ஒருநாள் பழைய ஏடுகளை எடுத்து மூட்டைகளை எண்ணினோம். மூட்டை குறைந்திருந்தது, கூடியது விலைதான். அதே காலத்தில் ஊரில் குடித்தனங்கள் பெருகியிருந்தன. வந்த குடும்பங்கள் வேறு எங்கோ சரக்கு எடுத்துக்கொண்டிருந்தன. ரூபாய்க் கணக்கு அதை நமக்குச் சொல்லவில்லை.

ஆகவே இந்த ஆண்டுக் கணக்கு முடிக்கும்போது, விற்றுமுதலோடு மூட்டையையும் எழுதுங்கள். ஐந்தாண்டு, பத்தாண்டுக் கணக்கைப் பக்கத்தில் வையுங்கள். தெருவில் எத்தனை வீடு கூடியது, அதில் எத்தனை வீடு நம் கடைக்கு வருகிறது என்று விசாரியுங்கள். பெரிய அங்காடிகளோடு போட்டியிட வேண்டிய காலம் இது. நம் பங்கு எவ்வளவு என்று தெரிந்தவனே அதைக் காப்பாற்ற முடியும்.