குளிர்காலையில் கிளம்ப மறுக்கும் எஞ்சின்

கோயம்புத்தூர்ப் பட்டறையொன்றில் பெரிய இன்ஜெக்டர்களும், வால்வுகளை அதிக நேரம் திறந்து வைக்கும் கேம் ஷாஃப்டும், நம் விருப்பப்படி புரோகிராம் செய்யத்தக்க, எஞ்சினை ஆளும் கம்ப்யூட்டராகிய ஈ.சி.யு.வும் பொருத்தப்பெற்று, சமவெளியில் சாவியைத் திருப்பிய மாத்திரத்தில் பிடித்துக்கொள்ளும் பெட்ரோல் எஞ்சின், சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலத்தில், புல்மேல் உறைபனி படியும் ஜனவரி மாத விடியற்காலையில், எவ்வளவு செல்ஃப் அடித்தும் கிளம்பாமல் அடம்பிடிக்குமாயின், அதில் ஆச்சரியப்பட ஏதுமில்லை. காரைத் தயாரித்த கம்பெனியார் குளிரிலும் வெயிலிலும் பரீட்சித்து ஈ.சி.யு.வில் பதித்து வைத்த கணக்குகள் அனைத்தும், எஞ்சினை மாற்றியமைத்த அன்றே பிரயோஜனமற்றுப் போயின. அவற்றை இனி உடையவரே தயாரித்துக்கொள்ள வேண்டும். இச்சமயத்தில் பெரும்பாலோர் முதற்காரியமாகப் பெட்ரோலைக் கூட்டுகிறார்கள். உண்மையில் அது கடைசியாகச் செய்யவேண்டிய காரியம். கீழே கூறும் கிரமத்தை மாற்றாமல் பின்பற்றுவது நலம்.

1. மின்பலத்தைச் சோதித்தல்

இரவு முழுதும் நின்ற காரில், செல்ஃப் அடிப்பதற்கு முன் பேட்டரியின் இரு டெர்மினல்களிலும் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால், பூரண சார்ஜ் உள்ள பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும், 12.2 என்றால் பாதி சார்ஜே எஞ்சியிருக்கிறது. பெட்ரோல் பம்ப்பின் ஃபியூஸை எடுத்துவிட்டுச் செல்ஃப் அடிக்கும்போது வோல்டேஜ் 9.6-க்குக் கீழே இறங்கலாகாது. குளிரில் பேட்டரியின் சக்தி குறைவதோடு, கம்ப்ரெஷன் உயர்த்தப்பட்ட எஞ்சின் செல்ஃப் மோட்டாருக்கு அதிக பாரமுமாகிறது. வோல்டேஜ் விழுந்தாலோ இன்ஜெக்டர் தாமதித்துத் திறக்கும், பிளக்கின் பொறியும் பலவீனமாகும்.

பேட்டரியை டிக்கிக்கு மாற்றியிருந்தால் எர்த் ஒயரை அவசியம் சோதிக்க வேண்டும். மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும், மறுமுனையைச் சுரண்டிச் சுத்தம்செய்த எஞ்சின் பிளாக்கிலும் வைத்துச் செல்ஃப் அடிக்கையில், 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால், ஒயர் மெலிந்ததென்றோ போல்ட்டுக்கடியில் பெயிண்டோ துருவோ இருக்கிறதென்றோ கொள்ளலாம்.

2. ஆயிலை மாற்றுதல்

சமவெளியின் உஷ்ணத்தையும் ரேஸ் ஓட்டத்தையும் உத்தேசித்து ஊற்றப்பட்ட 20டபிள்யூ-50 ஆயில், பூஜ்யம் டிகிரியை நெருங்கும் காலையில் கெட்டித்து, எஞ்சினைச் சுழலவொட்டாமல் தடுக்கும். எஞ்சினைக் கட்டியவர் பேரிங்குகளுக்கு வைத்த இடைவெளி அனுமதிக்குமாயின், 10டபிள்யூ-40 அல்லது 5டபிள்யூ-40 ஆயிலுக்கு மாறுவது உசிதம். அவரைக் கேளாமல் மாற்றுவது உசிதமன்று.

3. பிளக்கைக் கழற்றிப் பார்த்தல்

பிடிக்காத எஞ்சினின் பிளக்கே முதல் சாட்சி. முனை காய்ந்திருந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை. நனைந்து, கறுத்து, பெட்ரோல் நெடி வீசினால், பொறி போதவில்லை அல்லது பெட்ரோல் மிதமிஞ்சிவிட்டது. அதிக சக்திக்காகப் பொருத்தப்படும் 'கோல்டு' வகைப் பிளக், தன்மேல் படியும் கரியைத் தானே எரித்துக்கொள்ளும் சூட்டை எளிதில் அடைவதில்லையாதலால், தினசரி உபயோகத்திற்கு ஒரு படி 'ஹாட்' ஆன பிளக் போதுமா என்று விசாரிப்பது நல்லது.

நனைந்த பிளக்குகளைத் துடைத்து உலர்த்தி மாட்டியபின், ஆக்ஸிலேட்டரை முழுதும் மிதித்தபடி செல்ஃப் அடித்தால் உள்ளே தேங்கிய பெட்ரோல் வெளியேறும். ஆனால், அவ்விதம் மிதிக்கும்போது இன்ஜெக்டர்களை நிறுத்தும்படி ஈ.சி.யு.வில் ஏற்பாடு செய்திருந்தால்தான் இது பலிக்கும். இல்லையேல் பம்ப்பின் ஃபியூஸைக் கழற்றிவிட்டே செய்ய வேண்டும். ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்காமல், இடையில் ஒரு நிமிஷமாவது மோட்டாரை ஆறவிட வேண்டும்.

4. ஸென்ஸார்கள் உண்மை சொல்கின்றனவா?

எஞ்சினைக் கிளப்பாமல் சாவியை மாத்திரம் போட்டு, லேப்டாப்பில் ஈ.சி.யு.வின் அளவுகளைப் பார்க்க வேண்டும். இரவெல்லாம் நின்ற காரில் கூலன்ட்டின் உஷ்ணமும், உள்ளிழுக்கும் காற்றின் உஷ்ணமும், வெளியில் தொங்கும் தெர்மாமீட்டரும் ஏறக்குறைய ஒரே அளவைக் காட்டுவதே நியாயம். வெளியே 3 டிகிரியிருக்க ஈ.சி.யு. 30 என்று கருதுமானால், பொருத்தப்பட்ட ஸென்ஸாருக்கும் ஈ.சி.யு.வில் பதிந்துள்ள கணக்குக்கும் ஒவ்வாமை இருக்கிறது; இதைத் திருத்தாமல் பெட்ரோலை எவ்வளவு கூட்டினாலும் வீண். சாதாரணமாகக் காணப்படும் பாஷ் வகை ஸென்ஸார் 20 டிகிரியில் சுமார் 2,500 ஓம், பூஜ்யத்தில் சுமார் 5,900 ஓம் காட்டும். காற்றழுத்த ஸென்ஸாரும், கோவையில் சுமார் 96 கிலோபாஸ்கல் காட்டினால், உதகையில் 77-ஐ ஒட்டிக் காட்ட வேண்டும்.

5. பெட்ரோல் அளவைத் திருத்துதல்

இவ்வளவும் ஒழுங்காக இருந்த பின்னரே பெட்ரோலைத் தொடலாம். அதிலும், எஞ்சின் நன்றாகச் சூடாகி 80 டிகிரியைத் தாண்டிய நிலையில் அடிப்படைக் கணக்குச் சரியாக அமைந்திருத்தல் முன்நிபந்தனை. குளிரில் பெட்ரோலின் சிறு பகுதியே ஆவியாகிறது. ஈர விறகை எவ்வளவு அடுக்கினாலும் சுள்ளி பற்றினால்தான் அடுப்பு எரியும். பெட்ரோலிலும் ஆவியான அந்தப் பகுதியே பற்றுமாதலால், அப்பகுதி போதுமான அளவுக்கு வரும்வரை மொத்தத்தைக் கூட்டுகிறோம். இப்போது விற்கப்படும் 20 சதவிகித எத்தனால் கலந்த பெட்ரோல் குளிரில் இன்னும் சிரமமாக ஆவியாவதால், சற்றுத் தாராளமாகவே கொடுக்க நேரும்.

எதைத் திருத்துவது என்பதை எஞ்சினின் நடத்தையே அறிவிக்கும். சுழன்றும் ஒருமுறைகூடப் பிடிக்காவிடில் கிராங்கிங் அளவையும், பிடித்து இரண்டு மூன்று விநாடியில் நின்றால் ஆஃப்டர்ஸ்டார்ட் அளவையும், அரை நிமிஷம் ஓடியபின் தடுமாறினால் வார்ம்-அப் அளவையும் மாற்ற வேண்டும். ஆக்ஸிலேட்டரை லேசாகத் தொட்டவுடன் பிடித்தால், குறை பெட்ரோலில் அன்று, காற்றில். ஐடில் வால்வை அதிகம் திறக்கச் செய்வதே பரிகாரம்.

ஒருமுறை கிளம்பிய எஞ்சின் மீண்டும் முழுக் குளிர்ச்சியடைய ஓர் இரவு வேண்டுமாகையால், ஒரு காலைக்கு ஒரு பரீட்சையே சாத்தியம். ஆகவே ஒரே ஓர் அளவை ஐந்து முதல் பத்து சதவிகிதம் மாத்திரம் மாற்றி, அன்றைய உஷ்ணத்தோடும் பலனோடும் நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். அவசரப்பட்டு இரண்டை ஒருங்கே மாற்றினால், எது குணம் செய்தது என்பது தெரியாமலே போய்விடும். மிதமிஞ்சிய பெட்ரோலோ சிலிண்டர் சுவரின் ஆயில் படலத்தைக் கழுவி, ஆயிலிலும் கலந்து, எஞ்சினைத் தேயச் செய்யும்.

மூடிய ஷெட்டில் இப்பரீட்சைகளைச் செய்யலாகாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடு உயிருக்கு ஆபத்தானது. கிளம்பியவுடன் ரேஸ் செய்வதும் கூடாது. 3 டிகிரியில் ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் இரண்டு மூன்று விநாடிச் சுழற்சியில் பிடித்து, நிற்காமல் சூடாகுமானால், அதே பரீட்சையை 10 டிகிரியிலும் 20 டிகிரியிலும் ஒவ்வொரு காலை நடத்தி, ஈ.சி.யு.வின் பெட்ரோல் அளவுப் பட்டியலைப் பூர்த்தி செய்யவேண்டும். உறைபனிக்கென்று மாத்திரம் திருத்திய எஞ்சின் மார்ச் மாதத்தில் வேறு விதமாக அடம்பிடிக்கும்.