அம்பு பட்டு மறைந்த வான்கோழி: உண்பது ஆகுமா?

அமெரிக்காவில் தொழில் நிமித்தம் வாழும் நம் வாசகச் சகோதரர் ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார். அரசாங்க அனுமதிச் சீட்டுப் பெற்று, வில்லும் அம்பும் கொண்டு காட்டு வான்கோழி வேட்டைக்குச் சென்றார். பிஸ்மில்லாஹ் சொல்லி எய்த அம்பு ஒரு சேவலின் மீது தைத்தது. அது விழவில்லை, அம்போடு புதருக்குள் ஓடி மறைந்துவிட்டது. இருட்டும்வரை தேடிவிட்டு வீடு திரும்பினார். மறுநாள் காலையில் சென்று பார்த்தபோது அது செத்துக் கிடந்தது. இறைச்சி குளிர்ப்பெட்டியில் இருக்கிறது. அவருடைய மனைவியோ சமைக்கத் தயங்குகிறார். என்ன செய்வது என்பது கேள்வி.

இந்த ஒரு கேள்விக்குள் வேட்டையைப் பற்றிய பாடம் முழுவதும் அடங்கியிருக்கிறது. ஆகவே ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது: அந்தப் பறவை ஹலாலானதா?

வான்கோழி வட அமெரிக்காவைப் பிறப்பிடமாகக் கொண்டது. முற்கால இமாம்கள் அதைக் கண்டதில்லை. ஆயினும் அவர்கள் வகுத்த பொது விதி நமக்குப் போதுமானது. நகத்தால் இரையைக் கிழித்துத் தின்னும் பட்சிகளை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். வான்கோழி விதையும் கொட்டையும் புழுபூச்சியும் பொறுக்கித் தின்பது. ஆண் பறவையின் காலில் முள் உண்டு. அது நம் வீட்டுச் சேவலுக்கும் உண்டு. அது இரை பிடிக்கும் நகமன்று. எனவே இது ஹலாலான பறவையே.

இரண்டாவது: தொண்டையை அறுக்காமல் அம்பால் கொன்றது எவ்வாறு கூடும்?

கைக்கு வசமான பிராணியைத் தொண்டையில் அறுத்தே ஆகவேண்டும். பண்ணையில் வளர்த்த வான்கோழியை அம்பெய்து கொன்றால் அது செத்ததாகவே கருதப்படும். வசப்படாத காட்டுப் பிராணிக்கு மட்டுமே, உடலின் எப்பகுதியிலேனும் காயம் உண்டாக்கிக் கொல்வது அறுப்பதற்குச் சமமாகும். ராஃபிஉ இப்னு கதீஜ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தியைக் கவனியுங்கள். பயணத்தில் ஒட்டகம் ஒன்று மிரண்டோடியது. ஒருவர் அம்பெய்து அதை நிறுத்தினார். கால்நடைகளிலும் காட்டு மிருகங்களைப் போல வெருண்டோடுபவை உண்டு, அவ்வாறு உங்களை மீறிப் போவதை இவ்விதமே செய்யுங்கள் என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் அருளினார்கள்.

மூன்றாவது: அம்பு எத்தகையதாக இருக்க வேண்டும்?

தய்யி குலத்தைச் சேர்ந்த அதிய்யு இப்னு ஹாத்திம் (ரலி) அவர்கள் வேட்டையில் பெரும் பழக்கமுடையவர்கள். இறகில்லாத கனத்த கோலான 'மிஃராள்' பற்றி அவர்கள் கேட்டபோது, அதன் கூர்முனை தைத்துக் கொன்றதை உண்ணலாம், அதன் அகலப்பக்கம் தாக்கிக் கொன்றதை உண்ணக்கூடாது என்று விடை கிடைத்தது. பின்னது அடிபட்டுச் செத்ததாகும். அல்மாயிதா அத்தியாயத்தின் மூன்றாம் வசனம் அதை ஹராமாக்கியுள்ளது.

இக்காலத்து வில்லில் கப்பிகளும் கம்பிவடங்களும் பொருத்தப்பட்டிருக்கலாம். அதனால் சட்டம் மாறாது. பார்க்க வேண்டியது அம்பின் முனையைத்தான். கூரிய தகடுகள் உள்ள முனை கிழித்துக் கொல்லும், அது கூடும். ரப்பரும் மொட்டை இரும்பும் பொருத்திய முனைகளும் விற்கப்படுகின்றன. அவை மோதியே கொல்லும். அப்படிச் செத்தது கூடாது. வான்கோழியின் தலையையே துண்டிக்கும் அகன்ற தகடுகளும் உண்டு. தலை துண்டிக்கப்பட்டால் தலையும் உடலும் ஹலாலே. இறக்கை மட்டும் அறுந்து விழுந்து, பறவை உயிரோடு தப்பிவிட்டால், அந்த இறக்கை செத்ததன் சட்டத்தைப் பெறும்.

நான்காவது: பிஸ்மில்லாஹ்.

அம்பை விடும்போது பிஸ்மில்லாஹ் சொல்வது ஷாபிஈ மத்ஹபில் சுன்னத்து. வேண்டுமென்றே விடுவது மக்ரூஹ். ஹனஃபி மத்ஹபில் வேண்டுமென்றே விட்டால் அந்த வேட்டை ஹராமாகும், மறந்துவிட்டால் குற்றமில்லை. வான்கோழிகள் கூட்டமாகத் திரிபவை. ஒன்றைக் குறிபார்க்க மற்றொன்றில் தைத்தாலும் அது ஹலாலே.

ஐந்தாவது: கையில் சேரும்போது உயிர் இருந்தால்?

நிலையான உயிரோடு கிடைத்தால் உடனே அறுத்துவிட வேண்டும். கத்தி கொண்டு போகாத காரணத்தால் அறுக்க முடியாமல் செத்துவிட்டால் அதை உண்ணக்கூடாது, குறை வேட்டைக்காரருடையது. ஆகவே வில்லெடுப்பவர் கத்தியையும் மறக்கலாகாது.

ஆறாவது: மரத்திலிருந்து விழுந்தால்?

காட்டு வான்கோழி இரவில் மரக்கிளைகளில் தங்கும். அம்பு பட்டு நேராகத் தரையில் விழுந்து செத்தால் உண்ணலாம். தரையில் விழுவதைத் தவிர்க்க இயலாது. கிளையில் மோதிப் பிறகு தரையில் விழுந்தாலும், தண்ணீரில் விழுந்து செத்தாலும் உண்ணக்கூடாது. கொன்றது அம்பா, மோதலா, வெள்ளமா என்பது தெரியாது. விழுமுன்பே தொண்டை அறுபட்டிருந்தால் மட்டும் இச்சந்தேகம் இல்லை.

இனி, சகோதரரின் கேள்விக்கு வருவோம்.

காயம்பட்டு மறைந்தது, ஓரிரு நாள் கழித்துக் கிடைத்து, அதில் தம் அம்பின் தடத்தைத் தவிர வேறெதுவும் இல்லையென்றால் உண்ணலாம் என்ற கருத்தை அதிய்யு (ரலி) அவர்களின் ஹதீஸ் தருகிறது. அபூ ஸஃலபா அல்குஷனீ (ரலி) அவர்களின் அறிவிப்பு, கெட்டுப் போகாதிருக்க வேண்டும் என்பதையும் சேர்க்கிறது. ஷாபிஈ மத்ஹபில், கண்ணுக்கு மறைந்து பின்னர் செத்துக் கிடைத்ததை உண்ணக்கூடாது என்பதையே இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் 'மின்ஹாஜ்' நூலில் முடிவாக எழுதினார்கள். எனினும் ஹலால் என்னும் சொல்லே ஆதாரத்தில் வலுவானது என்று தம் பிற நூல்களில் அவர்களே குறிப்பிட்டுள்ளார்கள். ஹனஃபி மத்ஹபில், தேடுவதை விடாமல் தொடர்ந்திருந்தால் மட்டுமே கூடும். தேடுவதை விட்டு உட்கார்ந்துவிட்டால் கூடாது.

கேட்டவர் தாம் ஷாபிஈ என்று எழுதியிருக்கிறார். இரவு வீடு திரும்பியதால் ஹனஃபி மத்ஹபின் நிபந்தனையும் நிறைவேறவில்லை. மேலும், பறவையின் ஒரு பக்கத்தில் வேறு மிருகம் கடித்தது போன்ற அடையாளம் இருந்ததாகவும் எழுதுகிறார். இதுவே விஷயத்தை முடித்துவிடுகிறது. ஹலால் என்று கூறும் ஹதீஸும் வேறு தடம் இருக்கக்கூடாது என்றல்லவா நிபந்தனையிடுகிறது! எனவே அந்த இறைச்சியை உண்ண வேண்டாம் என்பதே நம் விடை. நாய் பூனைகளுக்குப் போடலாம். தயங்கி நின்ற அம்மையாரின் பேணுதலுக்கு அல்லாஹ் நற்கூலி வழங்குவானாக!

இறுதியாக இரண்டு வார்த்தைகள்.

எய்யும் முன்பே யோசிக்க வேண்டும். வான்கோழியின் உயிர்நிலை கையளவுதான். இறகுகள் அதைப் பெரிதாகக் காட்டும். தூரத்திலிருந்து எய்து பார்ப்போம் என்று துணிபவர் காயப்படுத்தித் துன்புறுத்துகிறார். அறுக்கும்போதும் அழகிய முறையைக் கையாளச் சொன்ன மார்க்கம் நம்முடையது. உயிருள்ளதை வெறும் இலக்காக்கி எய்வதை நாயகம் (ஸல்) அவர்கள் வன்மையாகத் தடுத்தார்கள். உண்பதற்காக வேட்டையாடுவது ஆகும். பொழுதுபோக்கிற்காக உயிரைப் பறிப்பது ஆகாது.

மற்றொன்று அரசாங்கச் சட்டம். கட்டற்ற வேட்டையாலும் காடழிப்பாலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பல மாநிலங்களில் இப்பறவை அற்றுப் போயிற்று. பிறகு காட்டில் பிடித்ததை வேறு காடுகளில் விட்டு, பருவத்தையும் எண்ணிக்கையையும் வரையறுத்தே அதைப் பெருக்கினார்கள். அனுமதிச் சீட்டு வாங்குவது ஓர் உடன்படிக்கையே. அல்மாயிதாவின் முதல் வசனம் உடன்படிக்கைகளை நிறைவேற்றுமாறு கட்டளையிட்டு, அதே வசனத்தில் இஹ்ராம் நிலையில் வேட்டை கூடாதென்றும் கூறுவது சிந்திக்கத்தக்கது. நம் நாட்டிலோ 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் மயில் முதலிய பறவைகளை வேட்டையாடுவதைத் தடை செய்துள்ளது. ஹலாலான பட்சிதானே என்று யாரும் மீற வேண்டாம்.

ஒரு கவளம் வயிற்றுக்குள் போகுமுன் அது எங்கிருந்து வந்தது என்று கேட்பவன் பாக்கியசாலி. சந்தேகமானதை விட்டுவிட்டுச் சந்தேகமற்றதைப் பற்றிக்கொள்ள அல்லாஹ் நம் அனைவருக்கும் தௌஃபீக் செய்வானாக! ஆமீன். வல்லாஹு அஃலம்.