சாலை பற்றிக் கருத்துச் சொல்வதும் சாட்சியமே



பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவது ஈமானின் கிளைகளில் ஒன்று என நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். முள்ளையும் கல்லையும் நம் கையாலேயே எடுத்துப் போடலாம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் விழும் பள்ளத்தை அப்படிச் சரிசெய்ய முடியாது. உரியவர்களிடம் எடுத்துச் சொல்வதே அங்கே நம் பங்கு. அதற்கு முதற்படி, வீடு வீடாகக் கருத்துக் கேட்பது.

தேசிய நெடுஞ்சாலை ஆணையம் லேசர் கருவியும் கேமராவும் பொருத்திய வாகனங்களைக் கொண்டு விரிசலையும் பள்ளத்தையும் அளக்கிறது. ஆனால், சாலையைக் கடக்க ஒரு மூதாட்டி எவ்வளவு நேரம் காத்து நிற்கிறார், ஃபஜ்ருக்கு நடந்து வருபவருக்கு ஓரத்தில் இடம் இருக்கிறதா என்பதை மக்கள்தான் சொல்ல வேண்டும்.

கேட்கச் செல்வோர் கவனிக்க வேண்டியவை:

1. "சாலை எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் "மோசம்" என்ற பதிலே வரும். அதை வைத்து எந்த அதிகாரியாலும் வேலை செய்ய முடியாது. எந்த இடம், எந்த நேரம், என்ன குறை என்று கேளுங்கள்.

2. வண்டி ஓட்டும் ஆண்களோடு நின்றுவிடாதீர்கள். பெண்கள், மாணவர்கள், மீனவர்கள், முதியோர் ஆகியோரிடமும் கேளுங்கள். நடப்பவர்களுக்கே ஆபத்து அதிகம்.

3. "விளக்கு எரிவதில்லைதானே?" என்று பதிலை நாமே வாயில் வைக்கக் கூடாது.

4. கண்டதையும் கேள்விப்பட்டதையும் தனித்தனியே எழுதுங்கள். "குறை இல்லை" என்றவரின் பதிலையும் மறைக்காமல் பதியுங்கள். மக்கள் சொன்ன சொல் நம்மிடம் உள்ள அமானத்.

5. இடத்தைத் துல்லியமாகக் குறியுங்கள். காலாப்பட்டு புதுச்சேரியைச் சேர்ந்தது. நகரத்துக்குச் செல்லும் வழியிலுள்ள பொம்மையார்பாளையமும் கோட்டக்குப்பமும் தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்தவை. எல்லை தெரியாமல் அனுப்பிய மனு அலுவலகம் அலுவலகமாக அலையும்.

உயிருக்கு ஆபத்தான பள்ளம், கணக்கெடுப்பு முடியும்வரை காத்திருக்காது. தேசிய நெடுஞ்சாலைகளுக்கு 1033 என்ற உதவி எண் 24 மணி நேரமும் இயங்குகிறது. 2023இல் வெளியான ராஜ்மார்க்யாத்ரா செயலியில் படத்துடன் புகார் செய்யலாம். விபத்து நடந்தால் உடனே 108ஐ அழையுங்கள்.

சாலை வடிவமைப்பிலும் பராமரிப்பிலும் விதிக்கப்பட்ட தரத்தைக் கடைப்பிடிக்காததால் உயிரிழப்போ ஊனமோ ஏற்பட்டால், பொறுப்பானவர்களுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க 2019ஆம் ஆண்டு மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் இடமளிக்கிறது. ஆனால், அபராதம் போன உயிரைத் திருப்பித் தராது. விபத்துக்கு முன்பே தேதியுடன் எழுதிக் கொடுத்த மனு, இன்ஷா அல்லாஹ், ஓர் உயிரைக் காக்கக்கூடும்.

வீட்டு வாசலுக்கு வந்து கேட்கும் இளைஞர்களுக்குப் பத்து நிமிடம் ஒதுக்கி, கண்டதை உள்ளபடி சொல்லுங்கள். அல்லாஹ் நம் அனைவரின் பயணங்களையும் பாதுகாப்பானதாக ஆக்குவானாக! ஆமீன்.